திரையிலேயே நடக்கட்டும் நேர்காணல்

அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்ற வேண்டுமானால் ரெசிடென்சி என்ற உறைவிடப் பயிற்சியைக் கடந்தாக வேண்டும். பாஸ்டனில் படித்தவருக்கும் இதே விதிதான், மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுகளை எழுதியவருக்கும் இதே விதிதான். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் மூன்று ஆண்டுகள். பொது அறுவை சிகிச்சைக்கு ஐந்து. நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு ஏழு. அந்த ஆண்டுகள் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் என்பது மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை தெரியவரும். அங்கே கிழக்குக் கரையில் நண்பகல் பன்னிரண்டு. நமக்கு இரவு ஒன்பதரை. 2025-ஆம் ஆண்டு 43,237 இடங்களுக்கு 52,498 பேர் பதிவு செய்திருந்தார்கள். அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் நூற்றுக்குச் சுமார் 93 பேருக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த வெளிநாட்டுக் குடிமக்களில் கிடைத்தது சுமார் 58 பேருக்கு.

இந்த இடங்களைப் பங்கிடும் 'மேட்ச்' முறை 1952-லிருந்து நடக்கிறது. விண்ணப்பதாரர் தான் விரும்பும் பயிற்சித் திட்டங்களை வரிசைப்படுத்துகிறார். திட்டங்கள் தமக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்துகின்றன. கணினி இரண்டையும் பொருத்துகிறது. விண்ணப்பதாரரின் விருப்பத்துக்கு முதலிடம் கிடைக்கும்படி தொண்ணூறுகளின் இறுதியில் இந்தக் கணக்கைத் திருத்தி அமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், 2012-இல் லாயிட் ஷேப்லியுடன் சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு பெற்றார். குறை சொல்ல அதிகம் இல்லாத கணக்கு. ஆனால், நேர்காணல் செய்யாத ஒருவரை எந்தத் திட்டமும் தன் பட்டியலில் எழுதுவதில்லை. நேர்காணல் நாளில் போய் நிற்க முடியாதவருக்கு அந்த நோபல் கணக்கால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் நேர்காணல் நேரிலா, திரையிலா என்ற கேள்வி நிர்வாக வசதி சார்ந்த சின்ன விஷயமாக முடிந்துவிடுவதில்லை.

2020 மே மாதம், பெருந்தொற்றின் நடுவில், மருத்துவக் கல்வி அமைப்புகளின் கூட்டமைப்பு எல்லா நேர்காணல்களையும் இணையவழிக்கு மாற்றச் சொன்னது. வேறு வழி இல்லாததால் எல்லோரும் மாறினார்கள். தொற்று அடங்கிய பிறகும் பெரும்பாலான திட்டங்கள் திரையிலேயே தொடர்ந்தன. இப்போது காற்று திசை மாறுகிறது. அறுவை சிகிச்சை சார்ந்த சில துறைகள் மீண்டும் நேரில் அழைக்கத் தொடங்கிவிட்டன. வேறு சில 'இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம்' என்கின்றன. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் நேர்காணல் குழுவில் இரண்டு காலத்திலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: திரும்பிப் போகக் கூடாது. அந்த 'எதையும் தேர்ந்துகொள்ளலாம்' ஏற்பாடு அதைவிட மோசமானது.

பழைய முறை எப்படி இருந்தது என்பதை இன்றைய விண்ணப்பதாரர்கள் பார்த்ததில்லை. அக்டோபர் முதல் ஜனவரி வரை நேர்காணல் பருவம். அழைப்பு மின்னஞ்சலில் வரும். சில நிமிடங்களில் பதில் போடாவிட்டால் நாள் பறிபோய்விடும். செவ்வாய்க்கிழமை மிச்சிகனில், வியாழக்கிழமை நியூ ஜெர்சியில், அடுத்த திங்கள் டெக்சஸில். அமெரிக்க மாணவர்களே கடன் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பறந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மூன்று நான்கு மாதங்கள் அங்கேயே தங்கியாக வேண்டும். தூரத்து உறவினர் வீட்டின் நிலவறை, ஐந்து பேர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறை, இரவுப் பேருந்தில் உறக்கம், விடிந்ததும் பேருந்து நிலையக் கழிப்பறையில் சவரம், அங்கேயே கோட்டு சூட்டு. நேர்காணல் குழுவின் முன் வந்து உட்காரும்போது அவர்கள் கண்களில் தெரிந்த அசதியை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதற்கான காரணத்தை எழுத மதிப்பெண் தாளில் ஒரு கட்டமும் இருந்ததில்லை.

ஒரு விஷயத்தைத் திரும்பிப் போகச் சொல்பவர்கள் கவனிப்பதே இல்லை. 2020-க்கு முன் வெளிநாட்டு மருத்துவர் ஒவ்வொருவரும் ஸ்டெப் 2 சி.எஸ். என்ற செய்முறைத் தேர்வுக்காக அமெரிக்காவுக்கு வந்தே ஆக வேண்டியிருந்தது. ஃபிலடெல்ஃபியா, சிகாகோ, அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் என ஐந்தே ஊர்களில் அந்தத் தேர்வு. கட்டணமே 1,500 டாலருக்கு மேல். செலவு கொடுமைதான். ஆனால் அதற்காக எடுத்த விசா பாஸ்போர்ட்டில் இருந்ததால், நேர்காணலுக்கு மறுபடி தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் அந்தத் தேர்வு ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. இன்று ஸ்டெப் தேர்வுகளைச் சென்னையிலேயே எழுதலாம். ஆங்கிலத் திறனுக்கான ஓ.இ.டி. தேர்வும் இங்கேயே. அமெரிக்க மண்ணை மிதிக்காமலேயே தகுதிச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். இந்த நிலையில் 'நேரில் வாருங்கள்' என்பதன் பொருள் 2019-இல் இருந்ததைவிட வெகுவாகக் கடுமையானது. அழைப்புக்கும் நேர்காணலுக்கும் இடையில் இரண்டு வாரமோ மூன்று வாரமோ இருக்கும். 2022, 2023-இல் இந்தியாவில் பார்வையாளர் விசா நேர்முகத்துக்கான காத்திருப்பு 500 நாட்களைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஆண்டில் நேரில் வரச் சொன்னால், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர் மட்டுமே வருவார். அமெரிக்காவில் அக்காவோ சித்தப்பாவோ இருந்து, கல்லூரிக் காலத்திலேயே விடுமுறைக்குப் போய்வந்த பிள்ளை அவர். அவர் நல்ல மருத்துவராக இருக்கலாம். ஆனால் அவரை முன்னே கொண்டுவந்து நிறுத்தியது பாஸ்போர்ட்.

திரை வழியாக நடப்பது மட்டும் சுகமா என்றால், இல்லை. டிசம்பரில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். காலை எட்டு மணி நேர்காணல் என்றால் தேனியில் மாலை ஆறரை. அது நள்ளிரவை ஒட்டி முடியும். முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு ரெசிடென்ட்டுகளுடன் கலந்துரையாடல் என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. மார்கழி மாதமாக இருந்தால் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியிருக்கும். மின்விசிறி இரைச்சல் மைக்கில் கேட்கும் என்று நிறுத்திவிட்டு, கோட்டுக்குள் வியர்த்தபடி உட்கார்ந்திருப்பார் அந்த இளைஞர். மேசைக்குக் கீழே இன்வெர்ட்டர் இணைப்பு, பக்கத்தில் வேறு கம்பெனி சிம் போட்ட இரண்டாவது போன், வீட்டில் யாரும் மிக்சி போடக் கூடாது என்ற உத்தரவு. ஒருமுறை என் கேள்விக்கு நடுவில் விண்ணப்பதாரரின் திரை கருத்தது. முக்கால் நிமிடத்தில் போனிலிருந்து திரும்ப வந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, நிறுத்திய சொல்லிலிருந்தே நோயாளியின் கதையைத் தொடர்ந்தார். இரவுப் பணியில் ஒரு ஜூனியரிடம் நான் எதிர்பார்ப்பது அந்த நிதானத்தைத்தான்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. மேற்குக் கரைத் திட்டம் ஒன்று பகல் ஒரு மணிக்கு நேர்காணல் வைத்தால் நமக்கு அது பின்னிரவு இரண்டரை. அந்த நேரத்தில் பேசிய ஒருவரைப் பற்றி 'உற்சாகம் போதவில்லை' என்று எழுதப்பட்ட மதிப்பெண் தாளைப் பார்த்திருக்கிறேன். இதற்குத் தீர்வு அவரை விமானத்தில் வரவழைப்பதா? அவருக்குக் காலை முதல் நேரத்தை ஒதுக்கினால் போதும். நேர அட்டவணை போடும் ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு வரி சொன்னால் முடிந்துபோகும் வேலை. அதைக்கூடப் பல இடங்களில் யாரும் செய்வதில்லை.

நேர்காணலை நேரில்தான் நடத்த வேண்டும் என்பவர்களின் முதல் வாதம், 'ஆளை நேரில் பார்த்தால்தான் நமக்குச் சரிப்படுவாரா என்று தெரியும்' என்பது. நான் மதிக்கும் மூத்த மருத்துவர்கள் இதை நம்புகிறார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளை முகம் பார்த்தே எடை போட்டவர்கள் அவர்கள். ஆனால் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு தற்செயலாக அமைந்தது. 1979-இல் ஹூஸ்டனில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி எண்ணூறு பேரை நேர்காணல் செய்து வரிசைப்படுத்தி, மேல்வரிசையிலிருந்து 150 பேரைச் சேர்த்தது. அதன் பிறகு மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. அதற்குள் மேல்வரிசையினர் எல்லோரும் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். எனவே வரிசையின் அடிமட்டத்தில், எழுநூறுக்கும் கீழே இருந்தவர்களிலிருந்து 50 பேர் எடுக்கப்பட்டார்கள். படிப்பிலும், நோயாளிகளிடையே செய்த பணியிலும், படிப்பை முடித்தவர்களின் விகிதத்திலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தென்படவில்லை. 1987-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அந்த முடிவுகள் வெளியாயின. அது மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை, ரெசிடென்சி அல்ல என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்த நேர்காணல்கள் முழுக்க நேரில், முகத்துக்கு முகம் நடந்தவை. எழுநூற்றைம்பதாவது இடத்தில் வைத்த ஒருவரை முதல் நூறில் வைத்தவரிடமிருந்து பிரித்துக்காட்ட அவற்றால் முடியவில்லை.

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு. 2009-இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்தது. மருத்துவக் கல்லூரி நேர்காணல்களில், மழை பெய்த நாட்களில் வந்தவர்களுக்கு வெயில் நாட்களில் வந்தவர்களைவிடச் சற்றுக் குறைந்த மதிப்பெண் விழுந்திருந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் கடைசி இடங்களுக்குப் போட்டி நடக்கும்போது அந்தச் சிறிய வித்தியாசமே ஒருவரை உள்ளே சேர்க்கும், இன்னொருவரை வெளியே நிறுத்தும். நேரில் பார்ப்பதால் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பதில் எவ்வளவு அந்த மனிதரைப் பற்றியது, எவ்வளவு அன்றைய வானிலையையும் நம் மனநிலையையும் பற்றியது? கைகுலுக்கலின் உறுதி, கோட்டின் தையல், மதிய உணவு மேசையில் கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கும் லாவகம்: இவையெல்லாம் நேரில் நம் மனதில் பதிகின்றன. இவற்றில் எதுவும் இதயச் செயலிழப்பு நோயாளியைக் கவனிக்கத் தேவையில்லை. திரையில் இவை தெரியாமல் போவதை நான் இழப்பாகக் கருதவில்லை.

நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே வீண் என்றும் சொல்ல வரவில்லை. வேலூர் சி.எம்.சி. பல ஆண்டுகள் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு மாணவர்களை வளாகத்தில் சில நாட்கள் தங்கவைத்து, குழுவாகப் பணிகள் கொடுத்து, பலர் பார்த்து மதிப்பிட்டது. தொலைதூர மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்ய மனம் உள்ளவர்கள் வேண்டும் என்ற தெளிவான நோக்கம் அதற்கு இருந்தது. 'நீட்' வந்த பிறகு அந்த முறைக்கு இடமில்லாமல் போனது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் 'நீட்' பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்த இழப்புக்காக வருந்தும் மருத்துவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரெசிடென்சி நேர்காணல் அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொருவருடனும் இருபது நிமிடம், மூன்று நான்கு பேராசிரியர்கள், ஒவ்வொருவரும் தன் மனதுக்குத் தோன்றியதைக் கேட்பது, மாலையில் விமானம். அந்த இருபது நிமிடத்தை ஒழுங்காக நடத்த வேண்டுமானால் கேள்விகளை முன்கூட்டியே வகுத்து, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலுக்கு எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவைக்க வேண்டும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறையில், விண்ணப்பதாரர் பல குறுநேர்காணல்களுக்குச் செல்வார்; ஒவ்வொன்றிலும் வேறொருவர் மதிப்பிடுவார். ஒருவரின் விருப்புவெறுப்பு மொத்தத்தையும் கவிழ்த்துவிடாது. இதைத் திரையில் நடத்த எந்தத் தடையும் இல்லை. பிரிட்டன் தன் சிறப்பு மருத்துவப் பயிற்சி நேர்காணல்களைப் பெருந்தொற்றிலிருந்து இன்றுவரை இணையவழியில்தான் நடத்துகிறது.

திரை என்று நான் சொல்வது ஒரு மனிதர் இன்னொரு மனிதருடன் பேசுவதை. 2017-இல் அவசர மருத்துவத் துறைக்கு விண்ணப்பித்தவர்களைக் கேமராவுக்கு முன் தனியாக உட்காரவைத்து, திரையில் தோன்றும் ஆறு கேள்விகளுக்கு ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடத்துக்குள் பதிலைப் பதிவு செய்யச் சொன்னார்கள். எதிரில் ஆள் இல்லை. துறைத் தலைவர்களுக்கும் அது பெரிதாகப் பயன்படவில்லை. சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அந்த வழியில் போக வேண்டாம்.

உண்மையான இழப்பு எங்கே என்றால், விண்ணப்பதாரர் பக்கம். வாரத்துக்கு எண்பது மணி நேரம் வரை உழைக்கப்போகும் மருத்துவமனையை அவர் கண்ணால் பார்க்காமலே தேர்ந்தெடுக்கிறார். முன்பெல்லாம் நேர்காணலுக்கு முந்தைய இரவு ரெசிடென்ட்டுகளுடன் சாப்பாடு உண்டு. பேராசிரியர்கள் யாரும் வர மாட்டார்கள். இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனியாக விட்டுவிடுவார்களா, கர்ப்பமாக இருந்த சீனியரை எப்படி நடத்தினார்கள், போன ஆண்டு ஏன் இருவர் பாதியில் போனார்கள் என்பதெல்லாம் அங்கே காதில் விழும். ஜூமில் இருபது சதுரங்களுக்குள் இருபது முகங்கள். 'இங்கே வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை எப்படி?' என்று ஒருவர் கேட்பார், 'மிக நன்றாக இருக்கிறது' என்று பதில் வரும். இந்தியாவிலிருந்து வருபவருக்கு வேறு கேள்விகளும் உண்டு. ஹெச்-1பி விசா தருவீர்களா, ஜே-1 மட்டும்தானா? கார் இல்லாமல் முதல் மாதம் தள்ள முடியுமா? மனைவிக்கு அந்த ஊரில் வேலை கிடைக்குமா? இருபது பேருக்கு முன்னால் இவற்றைக் கேட்க யாருக்கும் வாய் வராது. பனி எப்படிக் கொட்டும் என்பதை வீடியோவில் காட்டிவிடலாம். அறைக்கு வெளியே வந்த நர்ஸ் ஒருவர் ரெசிடென்ட்டிடம் எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதைக் காட்ட முடியாது.

இந்தக் குறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டுகள் தவறான இடத்தில் மாட்டிக்கொண்டவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லை என்று எளிதில் விலக முடியாது, அதிலும் விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும்.

ஆனால் இதற்கு மருந்து நேர்காணலை நேரில் வைப்பதல்ல. ஊரைப் பார்க்க வேண்டியவர் விண்ணப்பதாரர். அவர் பார்க்க வருவதற்கு மதிப்பெண் போடக் கூடாது. திட்டம் தன் ரேங்க் பட்டியலை இறுதி செய்து பூட்டிய பிறகு, விருப்பமுள்ளவர்கள் வந்து பார்க்கட்டும். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அந்தப் பட்டியலைத் தொட முடியாது என்று எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். சில திட்டங்கள் இப்படிச் செய்கின்றன. எல்லாத் திட்டங்களுக்கும் இது விதியாக வேண்டும். வர முடியாதவர்களுக்கு ஒரு ரெசிடென்ட்டுடன் தனியாக அரை மணி நேரம் பேச வாய்ப்பு கொடுக்கட்டும். அதிலும் முடிந்தால் வெளிநாட்டில் படித்து அங்கே சேர்ந்த ஒருவருடன். அவரிடம்தான் விசாவைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் மனம்விட்டுக் கேட்க முடியும்.

'நேரிலும் வரலாம், திரையிலும் வரலாம், இரண்டும் எங்களுக்கு ஒன்றுதான்' என்ற அறிவிப்பை நம்பாதீர்கள் என்று இளைய மருத்துவர்களிடம் சொல்லிவருகிறேன். சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பிப்ரவரியில் பட்டியல் போட உட்காரும்போது நடப்பதுதான் சிக்கல். ஒருவர் பெயர் வந்ததும், 'ஆமாம், லிஃப்ட் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோமே, நல்ல பையன்' என்று ஒரு பேராசிரியர் சொல்வார். அடுத்த பெயர் திரையில் பேசியவருடையது. எல்லோரும் தாளைப் புரட்டுவார்கள். யாரும் யாருக்கும் அநியாயம் செய்ய நினைக்கவில்லை. ஆனாலும் நேரில் வந்தவர் நினைவில் நிற்கிறார். அதை அறிந்த விண்ணப்பதாரர்கள் கடன் வாங்கியாவது வருவார்கள். விசா இல்லாதவர் என்ன செய்வார்? ஒரு திட்டம் எந்த முறையை எடுத்தாலும் எல்லோருக்கும் அதே முறை என்று இருக்க வேண்டும். அந்த ஊரிலேயே, அந்த மருத்துவமனையிலேயே படித்த மாணவருக்கும் திரைதான்.

திரை முறை கொண்டுவந்த ஒரு கேட்டை அதை ஆதரிப்பவர்களே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பயணம் இல்லை என்றானதும் எல்லோரும் எல்லா இடத்துக்கும் விண்ணப்பிக்கிறார்கள். வலுவான விண்ணப்பதாரர் வரும் அழைப்புகள் அத்தனையையும் ஏற்றுக்கொள்கிறார். முன்பு பத்துப் பன்னிரண்டுக்கு மேல் பறக்க உடம்பும் பணமும் இடம் கொடுக்காததால் மற்ற நாட்கள் அடுத்தவருக்குக் கிடைத்தன. இப்போது நாற்காலியிலிருந்து எழாமலே இருபத்தைந்தை முடிக்கலாம். ஐந்நூறு, ஆயிரம் என்று வந்து குவியும் விண்ணப்பங்களை யாரும் படிக்க முடியாததால், மதிப்பெண்ணையும் படித்த நாட்டையும் வைத்து வடிகட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் அந்த வடிகட்டியில்தான் முதலில் நிற்கிறார்கள். பயந்துபோய் இன்னும் அதிகமாக விண்ணப்பிக்கிறார்கள். 2024-25 கட்டணப்படி, ஒரு துறையில் முதல் முப்பது விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். நூறு இடங்களுக்குப் போட்டால் 2,430 டாலர். நம் கணக்கில் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். நூறைத் தாண்டுபவர்கள் ஏராளம்.

இதைச் சரிசெய்ய ஒரு நல்ல வழி புழக்கத்துக்கு வந்திருக்கிறது. காது மூக்கு தொண்டைத் துறை 2020-21 பருவத்தில் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஐந்து 'சிக்னல்' கொடுத்தது: உண்மையாகவே விரும்பும் ஐந்து இடங்களுக்கு அதை அனுப்பலாம். பிறகு மற்றத் துறைகளும் பிடித்துக்கொண்டன. எலும்பு அறுவை சிகிச்சையில் முப்பது. பொது மருத்துவத்தில் மிகவும் விரும்பும் இடங்களுக்கு மூன்று தங்கச் சிக்னல், அடுத்த நிலையில் உள்ளவற்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி. சிக்னல் வந்த விண்ணப்பத்தை இப்போது நாங்கள் திறந்து படிக்கிறோம், கல்லூரி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே. இதோடு, ஒருவர் ஏற்கக்கூடிய நேர்காணல்களுக்கு உச்சவரம்பும் வேண்டும். தனியாக மேட்ச் நடத்தும் கண் மருத்துவத் துறை அப்படி வரம்பு வைத்து நடத்திக் காட்டியிருக்கிறது. மற்றவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஏ.ஐ. வைத்துப் பதிலைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்ற புகார் இப்போது அடிக்கடி கேட்கிறது. படிக்கிறார்கள், மறுக்கவில்லை. கண் பக்கவாட்டில் ஓடுவதும், கேட்ட கேள்விக்கும் சொல்லும் பதிலுக்கும் இடையில் ஒரு விநாடி வெறுமை விழுவதும் தெரிகிறது. ஆனால் 'நீங்கள் எழுதியிருக்கும் இந்த நோயாளியை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அப்போது வார்டில் உங்களோடு யார் இருந்தார்கள், அடுத்த நாள் காலை என்ன ஆனது?' என்று தொடர்ந்து மூன்று கேள்வி கேட்டால், எந்த இயந்திரமும் துணைக்கு வராது. மோசமாகக் கேள்வி கேட்பவரை நேரில் வந்தவரும் மனப்பாடப் பதிலால் ஏமாற்றிவிடலாம்.

நேர்காணல் முழுக்கத் திரைக்கு வந்துவிட்டாலும், பணம் உள்ளவர்களுக்கான இன்னொரு வாசல் திறந்தே இருக்கும். அமெரிக்க மருத்துவர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் அங்கே ஒன்றிரண்டு மாதம் 'அப்சர்வர்ஷிப்' செய்ய வேண்டும். விசா, விமானம், தங்குமிடம், பல இடங்களில் அதற்கே தனிக் கட்டணம். நோயாளியைத் தொடக்கூட அனுமதி இல்லாத ஒரு மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர். தாராபுரம் அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் நாற்பது நோயாளிகளைப் பார்த்த மருத்துவரைப் பற்றி அங்குள்ள தலைமை மருத்துவர் எழுதும் கடிதம், சிகாகோவில் நான்கு வாரம் பின்னால் நின்று பார்த்ததற்கான கடிதத்தைவிடக் குறைவாக மதிக்கப்படுகிறது. இதுவும் மாற வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அமெரிக்காவில் பணியாற்றும் மருத்துவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். அவர்களில் இந்தியாவில் படித்தவர்களே மிகப் பெரிய குழு. பலர் அமெரிக்கர்களே போகத் தயங்கும் சிறு நகரங்களில், கிராமப்புற மாவட்டங்களில் வேலை செய்கிறார்கள். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் இரண்டு ஆண்டுகள் தாய்நாடு திரும்பும் விதியிலிருந்து விலக்குப் பெற, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களில் மூன்று ஆண்டுகள் உழைக்கிறார்கள். இவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் யார் நல்ல மருத்துவர் என்பதைத் தவிர வேறு எதற்கும் எடை இருக்கக் கூடாது என்று கேட்பது அந்த நாட்டின் நோயாளிகளுக்காகவும்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இல்லை, எங்களுக்கு நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு துறை முடிவெடுத்தால், அதன் செலவையும் அதுவே ஏற்கட்டும். பயிற்சி முடித்த நிபுணரை வேலைக்கு அழைக்கும்போது அமெரிக்க மருத்துவமனைகள் விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் போட்டுக்கொடுக்கின்றன. சில இடங்களில் குடும்பத்தையும் சேர்த்து அழைத்து ஊரைச் சுற்றிக்காட்டுகின்றன. அதே மருத்துவமனை, லட்சக்கணக்கான டாலர் கல்விக்கடனில் இருக்கும் அமெரிக்க மாணவரையும், அப்பாவின் பி.எஃப். பணத்தில் விண்ணப்பம் போட்ட திருநெல்வேலி மருத்துவரையும் சொந்தச் செலவில் வரச் சொல்கிறது. முதலில் டிக்கெட்டை அனுப்பட்டும். விசாவுக்கு ஆறு மாதம் முன்னதாக அழைப்புக் கடிதம் கொடுக்கட்டும். அதைச் செய்ய முன்வராத வரை, செப்டம்பர் இறுதியில் விண்ணப்பங்கள் திறக்கும் முன்பே 'எல்லோருக்கும் இணையவழி நேர்காணல்' என்று தன் இணையதளத்தில் எழுதிவைக்கட்டும்.